மூன்று அகப்பை மல்லித்தண்ணீர்

"அந்தப் பேணியை அங்காலை எடுங்கோ மாமி! அவள் தொடமாட்டாள் எண்டு தெரிஞ்சும் விடிஞ்சாப் போதும், கொண்டந்து கொண்டந்து வைக்கிறியளே... உங்களுக்குச் சூடு சொரணை இல்லையோ?"

மதலேனாள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டே கேட்டாள். அவள் கையிலிருந்த ஈர்க்குமாறு நிலத்தை உரசிய சத்தமும் அவளுடைய குரலும் ஒன்றுபோலவே இருந்தன.

அன்னமுத்து மகள் திரேசம்மாவின் பாயருகே குடிக்கிற மூக்குப்பேணியை வைத்தாள். பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி வைத்தாள். மல்லியும் சீரகமும் ஆவரசம்பூவும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். ஆவி எழுந்து மணம் மூக்கில் பட்டதும் திரேசம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று மாதமாக ஒவ்வொரு விடியலும் இதுதான் நடந்தது.

"பாத்தியளோ... வயித்திலை சுமந்து பெத்த பிள்ளையே மூஞ்சையைத் திருப்புது! அவளுக்குத் தெரியும், ஆராலை எல்லாம் போனதெண்டு."

பூவரசின் கீழ் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த சில்வெஸ்ரர் தலையை நிமிர்த்தவில்லை. இவன்தான் அந்த வீட்டு மருமகன். மதலேனாள் அவனுடைய தமக்கை. தம்பி பெண்சாதி பாயில் விழுந்தபின் உதவிக்கென்று தீவின் கிழக்குப் பக்கத்திலிருந்து வந்து நிற்கிறவள். சில்வெஸ்ரர் மாமியாரோடு நேரில் பேசி மூன்று மாதம். சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் தமக்கைக்குச் சொல்வான், மாமியாரின் காதில் விழும்படி.

"விடுங்கோ அக்கா. ஆன்மாக்கள் திருநாளுக்குச் சுவாமி வாறார். அது முடிய, நாலாந் திகதி திரேசுவைக் கூட்டிக்கொண்டு உங்கடை வீட்டை வாறன். இனி இந்தப் படலையை அவள் மிதிக்கத் தேவையில்லை."

அன்னமுத்துவின் கை பேணியின் மேலேயே நின்றது. சூடு விரலைச் சுட்டது. அவளுக்கு அது தெரியவில்லை.

நெடுந்தீவில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பான். கட்டிக்கொண்ட பெண்ணை அவள் தாய்வீட்டிலிருந்து ஒருவன் கூட்டிக்கொண்டு போகிறான் என்றால், அந்தத் தாய் என்ன செய்தாள் என்று ஊர் கேட்கும். ஊர் கேட்பதைப்பற்றி அன்னமுத்து கவலைப்படவில்லை. புருசனைக் கடல் கொண்டுபோய்ப் பதினாறு வருசம். பெற்ற மூன்றில் இரண்டைக் காய்ச்சல் கொண்டுபோனது. எஞ்சியது இந்த ஒன்று. இதுவும் போனால் இந்த வீட்டில் இருப்பது அவளும் இரண்டு ஆடும்தான்.

நாலாந் திகதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

---

ஊர் அறிந்த கதை இவ்வளவுதான். ஆவணி மாதத்தில் திரேசம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. பிள்ளை பிறந்தது, கொஞ்ச நேரம் மூச்சு விட்டது, செத்தது. பக்கத்தில் இருந்தவள் தாய் மட்டும். சாகிற பிள்ளையின் தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க எந்தக் கிறிஸ்தவளுக்கும் தெரியும்; சுவாமியார் வேண்டாம், கோவில் வேண்டாம். ஆனால் அன்னமுத்து குசினிக்குள் நின்று குடிநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஞானஸ்நானமில்லாமல் போய்விட்டது. ஞானஸ்நானமில்லாத பிள்ளைக்குக் கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்குள் இடமில்லை. மதிலுக்கு வெளியே, எருக்கலை முளைத்த வெறுந்தரையில், தகப்பனே குழி தோண்டித் தாட்டான்.

இது ஊர் அறிந்தது. அன்னமுத்து அறிந்தது வேறு.

அந்த வருசம் ஆவணியில் கிணறுகள் சேறாகிக் கிடந்தன. குடிக்கத்தக்க தண்ணீர் ஒன்றரை மைலுக்கு அப்பால் ஒரே கிணற்றில்தான் ஊறியது. ஊற ஊற அள்ள வேண்டும். சில்வெஸ்ரர் விடியமுன் போய்க் காத்திருந்து, காவுதடியில் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடலுக்குப் போனான். அவன் தோளில் தடி பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு குடம் சமையலோடும் ஆடுகளோடும் முடிந்தது. மற்றதை அன்னமுத்து அறைக்குள், மகளின் பாயருகே வைத்தாள்.

மத்தியானம் வலி வந்தது. ஏழு மாதத்தில் வலி வந்தால் முதலில் மல்லியும் சீரகமும் போட்டுக் குடிக்கக் கொடுப்பார்கள்; பொய்வலியென்றால் அடங்கிவிடும். பக்கத்து வளவுக்காரி மருத்துவிச்சியைக் கூட்டிவர ஓடினாள். அன்னமுத்து குடத்திலிருந்து சட்டியில் தண்ணீர் வார்த்து, மல்லியும் சீரகமும் ஒரு கை ஆவரசம்பூவும் போட்டு அடுப்பில் ஏற்றினாள். விறகாய் வைத்த பாளைக்குச் சரியாக நெருப்புப் பற்றக்கூட இல்லை. அறைக்குள் அலறல் கேட்டது.

ஓடிவந்தாள். பிள்ளை வந்துகொண்டிருந்தது. திரேசம்மா வலியில் காலை உதைத்தாள். உதை குடத்தில் பட்டது. குடம் சுவரோடு மோதி இரண்டாய்ப் பிளந்தது. காய்ந்த மண் நிலம், அவள் பார்த்துக்கொண்டிருக்க அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டது.

ஆண்பிள்ளை. ஒரு முழம்கூட இல்லை. நீலம் பாய்ந்த உதடு. செபமாலையில் ஒரு பத்துமணி சொல்லி முடிக்கும் நேரம்கூட அது நில்லாது என்று அன்னமுத்துவுக்குத் தெரிந்தது. வீட்டில் வேறு துளித் தண்ணீர் இல்லை. குசினிக்கு ஓடினாள். சட்டியோடு தூக்க நேரமில்லை. சிரட்டை அகப்பையால் அள்ளிக்கொண்டு வந்து, ஓடி, அள்ளி, ஓடி... மூன்று அகப்பை.

"மரியதாசன்... பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறன்..."

நெற்றியில் ஒரு ஆவரசம்பூ இதழ் ஒட்டிக்கொண்டது. அதை அவள் உடனே எடுக்கவில்லை. எடுக்கும்போது பிள்ளைக்கு உயிர் இல்லை.

பிறகுதான் பயம் வந்தது. சிறுவயதில் கோவில் மூப்பர் சந்தியோகரிடம் ஞானோபதேசம் படித்தவள் அவள். 'பாலாலும் கள்ளாலும் எண்ணெயாலும் கசாயத்தாலும் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது' என்று முழங்காலில் நின்று நூறுதரம் ஒப்புவித்தவள். கசாயத்தைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறேனே... செல்லாததைச் செய்தது மட்டுமல்ல, தேவதிரவிய அனுமானமான ஞானஸ்நானத்தையே கேலி பண்ணியிருக்கிறேனே!

மூப்பர் வந்து வாசலில் நின்று கேட்டார்.

"பிள்ளை அன்னமுத்து, தண்ணி ஊத்தினனியோ?"

கசாயம் ஊற்றினேன் என்று சொன்னால், தண்ணீர் எங்கே என்று கேட்பார்கள். குடம் உடைந்தது என்று சொன்னால், ஆர் உடைத்தது என்று கேட்பார்கள். பாயில் மகள் கண்மூடிக் கிடந்தாள். இருபது வயது. தன் காலாலேயே தன் பிள்ளையின் தண்ணீரைத் தட்டிவிட்டேன் என்று தெரிந்தால் அவள் உயிரோடு இருப்பாளா?

"இல்லை" என்றாள் அன்னமுத்து. "நான்... குசினிக்கை நிண்டிட்டன். கை ஓடேல்லை."

குடத்து ஓடுகளை முன்னமே சீலைத் தலைப்பில் அள்ளிக் கிணற்றடிக் குழிக்குள் போட்டிருந்தாள்.

---

அதன்பிறகு திரேசம்மா பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள். எழும்பு என்றால் எழும்பினாள். கை மட்டும் நில்லாமல் நடுங்கியது. வெற்றிலையில் விட்ட தண்ணீர்போல ஒரு நடுக்கம். மதலேனாள் நூல் கட்டினாள், நேர்த்தி வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை.

நடுங்கும் கையை அன்னமுத்து அறிவாள். புருசன் போன வருசம் அவளுக்கும் அப்படி வந்தது. அப்போது ஊர்காவற்றுறையில் கன்னியர் மடத்துக் குசினியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கி மூன்று பீங்கான் உடைத்தாள். கிழட்டுச் சிஸ்ரர் ஒருத்தி ஏசவில்லை. மாலையில் கூப்பிட்டு ஒரு பேணி மல்லித்தண்ணியும் ஒரு கொக்கி ஊசியும் நூலும் கொடுத்தாள். "இதைக் குடி. பிறகு இதைப் பின்னு. ஒரு வளையத்துக்குப் பிறகு மற்ற வளையம். வேறை ஒண்டையும் நினையாதே." அப்படித்தான் அன்னமுத்து ரேந்தை பின்னப் பழகினாள். துக்கம் போகவில்லை. ஆனால் சூடான ஒன்று வயிற்றுக்குள் இறங்கி, விரல் ஒரு வேலையில் இருக்கிற அந்த அரைமணி நேரம், மூச்சு ஒழுங்காக வந்தது. அந்த அரைமணி நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒரு பிள்ளையை வளர்த்தாள்.

ஆகவே மகளுக்கும் இரண்டையும் கொண்டுவந்து வைத்தாள். குடிநீரைத் திரேசம்மா தொடவில்லை. ஊசியைத் தொட்டாள்.

முதல் வாரம் நூலைச் சிக்காக்கினாள். இரண்டாம் வாரம் ஒரு வளையம் விழுந்தது. பிறகு விரல் தானாக ஓடியது. பின்னும்போது கை நடுங்கவில்லை. அன்னமுத்து குசினி மறைப்புக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்திருந்தாள். திரேசம்மா பின்னியது ஒரு தொப்பி. ஒரு மாம்பழம் கொள்ளும் அளவு. பொழுதுபட அதை உருவிவிடுவாள். விடியப் புதிதாய்த் தொடங்குவாள். ஒரே நூற்பந்து. வெள்ளை நூல் கைபட்டுக் கைபட்டுச் சாம்பல் நிறமாகிவிட்டது.

"ஆருக்கடி உது?" என்று மதலேனாள் ஒருநாள் கேட்டுவிட்டாள். கேட்டபிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு வேலிப்பக்கம் போய் நின்றாள். அவளுக்கும் பிள்ளையில்லை. ஐந்து பெற்று ஐந்தையும் தாட்டவள்.

பின்னேரங்களில் சில்வெஸ்ரர் சேமக்காலைப் பக்கம் போய்வருவான். மதிலுக்கு வெளியே தாட்டான் என்றாலும் அவன் அதிக தூரம் போகவில்லை. மதிலிலிருந்து ஒரு முழத்தில்தான் தோண்டினான். மண்வெட்டி மதில் கல்லில் படப்படத் தோண்டினான். "அதுக்கு மேலை தள்ளிப்போக எனக்குக் கால் வரேல்லை அக்கா" என்று ஒருநாள் அவன் சொன்னதை அன்னமுத்து கேட்டாள்.

---

ஆன்மாக்கள் திருநாளுக்கு முதல்நாள், சகல அர்ச்சிஷ்டவர்களின் திருநாளன்று பின்னேரம், சுவாமி பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார். பிரெஞ்சுக்காரர். தீவுப்பகுதிக்கு வந்து முப்பது வருசம். தாடி முழுக்க நரை. தமிழை இந்த ஊரவர்போலவே கதைப்பார். கடற்பயணம் வயிற்றைப் பிரட்டியதென்று மூப்பர் வீட்டில் மல்லித்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

அன்னமுத்து கடைசி ஆளாய் முழங்காலில் நின்றாள். மூன்று மாதம் நெஞ்சில் கிடந்தது. மகளைக் கொண்டுபோகப் போகிறார்கள். இனி ஒளித்து என்ன, சொல்லி என்ன... சொன்னாள். குடம், கால், அடுப்பு, அகப்பை, மூப்பருக்குச் சொன்ன பொய், எல்லாம்.

சுவாமி காதை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

"தண்ணி கொதிச்சதோ?"

"இல்லைச் சுவாமி. சூடுகூட ஏறேல்லை."

"மல்லி போட்டு எவ்வளவு நேரம்?"

"போட்டிட்டு நிமிரேல்லை... அவள் கத்தினவள்."

"சட்டியிலை அடி தெரிஞ்சுதோ?"

அன்னமுத்து கண்ணை மூடினாள். சட்டியின் அடியில் ஒரு கீறல் இருந்தது, கரிபிடித்த கீறல். அன்று அகப்பையை விட்டபோது அந்தக் கறுப்புக் கோட்டை அவள் கண்டாள்.

"தெரிஞ்சது சுவாமி."

"அப்ப நீர் ஏன் மூண்டு மாசமா ஒருதரிட்டையும் வாயைத் திறக்கேல்லை?" என்றார் சுவாமி. "கேளும் பிள்ளை. பொய் சொன்னது பாவம், அதுக்குத் தண்டனை சொல்லுறன். தண்ணி ஊத்தினது பாவமில்லை. ஆனா இஞ்சை கேட்டதை நான் வெளியிலை ஒரு சொல்லுக் கதைக்கேலாது. நாளைக்குப் பூசை முடிய, நீர் எல்லாருக்கும் முன்னாலை வந்து என்னட்டைச் சொல்லும்."

"எல்லாருக்கும் முன்னாலையோ... என்ரை பிள்ளைக்குக் குடத்தின்ரை கதை தெரியக்கூடாது சுவாமி!"

"குடத்தைப்பற்றி நான் கேக்கமாட்டன்" என்றார் சுவாமி.

---

மறுநாள் பூசை முடிந்து சனம் மெழுகுதிரிகளோடு சேமக்காலைக்கு வந்தது. முதல் மழை இரண்டு நாளுக்கு முன் பெய்திருந்தது. மண் கறுத்துக் கிடந்தது. குழிகளுக்குச் சுவாமி தீர்த்தம் தெளித்து முடித்தார். மதிலுக்கு வெளியே சில்வெஸ்ரரும் திரேசம்மாவும் மதலேனாளும் திரியில்லாமல் நின்றார்கள். வெளியே கிடப்பதற்குத் திரி கொளுத்துவதில்லை.

அன்னமுத்து சுவாமியின் முன் போனாள். கையில் சட்டி. வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தண்ணீரும் மல்லியும் சீரகமும் ஆவரசம்பூவும்.

"சுவாமி... என்ரை பேரப்பிள்ளைக்கு நான் ஞானஸ்நானம் குடுத்தனான்."

சனம் திரும்பியது. மூப்பர் சந்தியோகர் கையிலிருந்த தீர்த்தச் செம்பை நிலத்தில் வைத்தார்.

"என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? நான் கேட்டனான், நீ இல்லை எண்டனீ!"

"பொய் சொன்னனான். குசினியிலை அடுப்பிலை வைச்ச தண்ணியை அள்ளி ஊத்தினனான். இந்தச் சட்டி, இந்தளவு சாமான். கசாயம் செல்லாதெண்டு பயத்திலை சொல்லேல்லை."

"அதுதானே!" என்றார் மூப்பர், சுவாமியைப் பார்த்து. "நாப்பது வருசமாப் படிப்பிக்கிறன். கசாயம் செல்லாது. செல்லாததுதானே சுவாமி?"

சுவாமி அங்கியின் பைக்குள் கைவிட்டு ஒரு சதக்காசை எடுத்துச் சட்டிக்குள் போட்டார். மிதந்த மல்லியை விரலால் விலக்கினார்.

"மூப்பர், குனிஞ்சு பாரும். என்ன தெரியுது?"

மூப்பர் குனிந்தார். நெடுநேரம் குனிந்தபடி நின்றார். "ராசாவின்ரை தலை."

"எழுத்து?"

"எழுத்தும் தெரியுது சுவாமி."

"கொதிச்சு வத்தி நிறம் மாறினாத்தான் கசாயம். நேற்று உம்மடை வீட்டிலை நான் குடிச்சது கசாயம். இது நாலு மல்லி விழுந்த தண்ணி. கிணத்துக்குள்ளை இலை விழுந்தா அது கிணத்துத் தண்ணி இல்லையோ? இலை விழுந்த தண்ணி எண்டு ஆரும் ஊத்தாமல் விடுவினமோ? சந்தேகம் எண்டு வைச்சாலும், அந்தச் சந்தேகத்தைப் பிள்ளையின்ரை பக்கம்தான் நான் தீர்ப்பன்."

மூப்பரின் கை தலையிலிருந்த துவாயை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. "நான் படிப்பிச்ச படிப்பாலை... ஐயோ, நான் வாசலிலை நிண்டு கேட்ட கேள்வியாலை..."

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் நின்ற சில்வெஸ்ரர் இதுவரை அசையவில்லை. இப்போது அவன் வாய் திறந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு மாமியாரை நேரே பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"அறைக்கை ஒரு குடம் தண்ணி இருந்ததே. நான் காவிக் கொண்டந்து வைச்சனான்! என்ரை தோள் தோல் உரிஞ்சு... நல்ல தண்ணி ஒரு குடம் கிடக்க, நீங்கள் ஏன் அடுப்புச் சட்டிக்கு ஓடினனீங்கள்? அந்தத் தண்ணி எங்கை?"

சுவாமி கண்ணை மூடிக்கொண்டார். இதை அவர் தடுக்க முடியாது.

எல்லாம் முடிந்ததென்று அன்னமுத்து நினைத்த இடத்தில் பழைய கேள்வி வந்து நின்றது.

"நான்தான்... நான்தான் காலாலை தட்டி ஊத்திப்போட்டன் தம்பி. பதட்டத்திலை. குடம் உடைஞ்சுபோச்சு. அதைச் சொல்லப் பயந்துதான்..."

"நீங்களோ!" மதலேனாளின் குரல் உயர்ந்தது. "அப்ப எல்லாத்துக்கும் நீங்கள்தானே காரணம்! குடத்தையும் உடைச்சு, பொய்யும் சொல்லி, மூண்டு மாசம் என்ரை தம்பியை—"

"பொய்."

அந்தக் குரலை ஒருவருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. கரகரத்து, கள்ளிப்பால் பட்ட தொண்டைபோல இருந்தது.

"அம்மா பொய் சொல்லுறா." திரேசம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குடத்தை உடைச்சது நான்... என்ரை கால். எனக்குச் சத்தம் கேட்டது."

"பிள்ளை! நீ மயங்கிக் கிடந்தனி, உனக்கு ஒண்டும் தெரியாது—"

"நான் மயங்கேல்லை அம்மா! பிறகுதான் கண்ணை மூடினனான். நீங்கள் குசினிக்கு ஓடினதைக் கண்டனான். அகப்பையோடை வந்ததைக் கண்டனான். மரியதாசன் எண்டு பேர் சொன்னனீங்கள்... மூண்டு தரம் ஊத்தினனீங்கள்... பிறகு மூப்பரப்பு கேக்க, இல்லை எண்டனீங்கள். எனக்காகத்தான் சொன்னனீங்கள் எண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு நான் வாயைத் திறக்கேல்லை. திறந்தால், தண்ணியைத் தட்டினவள் நான் எண்டு இவர் என்னை..." அவள் புருசனைப் பார்க்கவில்லை. "உங்களை எல்லாரும் ஏச ஏச நான் பாத்துக்கொண்டு தொப்பி பின்னினனான். நான் மனிசியில்லை அம்மா... நான் மனிசியே இல்லை!"

அன்னமுத்து மதிலடிக்கு வந்துவிட்டாள். இடுப்பளவு மதில். பவளப்பாறைத் துண்டுகளான முருகைக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிய மதில், சாந்து இல்லை. அதற்கு இந்தப் பக்கத்திலிருந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அப்ப ஏன் மோனை... தெரிஞ்சுகொண்டு ஏன் விடிய விடிய என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினனி? அதுதானடி எனக்குத் தாங்கேலாமல் கிடந்தது..."

"உங்களைக் கண்டோ? அந்த மணத்தையம்மா... அது அவன்ரை தலையிலை ஊத்தின தண்ணி. அந்தத் தண்ணியை நான் எப்பிடியம்மா குடிக்கிறது?"

நடுவில் மதில் இருந்தது. கல் நெஞ்சில் குத்தக் குத்த இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு கல் சரிந்து விழுந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை. அன்னமுத்து மூன்று மாதம் அழவில்லை. இப்போது அழுத சத்தத்தில் மதிலில் இருந்த காகங்கள் எழுந்தன.

சில்வெஸ்ரர் தலையைக் குனிந்தபடி நின்றான். பிறகு மதிலைத் தாண்டி வந்து மாமியாரின் பக்கத்தில் நின்றான். "மாமி" என்றான். பெண்சாதியின் பக்கம் திரும்பினான். "குடம் உடைஞ்சா உடைஞ்சது திரேசு. நான் இன்னொரு குடம் காவியிருப்பன்... எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சுவாமி," என்றார் மூப்பர், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பிள்ளையை எடுத்து உள்ளுக்கை வைப்பமோ? மண்வெட்டி எடுப்பிக்கட்டோ?"

திரேசம்மாவின் உடம்பு குலுங்கியதை அன்னமுத்து கையில் உணர்ந்தாள்.

"மண்வெட்டி வேண்டாம்" என்றார் சுவாமி. "அதை அசைக்காதேயுங்கோ. இது சாந்து பூசின மதிலோ? கல்லை எடுங்கோ. மதிலைத் தள்ளிக் கட்டுங்கோ."

முதலில் குனிந்தவள் மதலேனாள். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்பிள்ளை தூக்கத் தயங்குகிற ஒரு கல்லை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கினாள்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? தூக்கடா தம்பி!" என்றாள். முகத்தைத் திருப்பாமல், கல்லைச் சுமந்தபடியே அன்னமுத்துவிடம் சொன்னாள்: "மாமி... என்ரை வாய் புழுத்த வாய். நான் கதைச்சதெல்லாம்..."

"கல்லைப் பாத்துப் பிடி பிள்ளை. கால்லை விழுத்திப்போடாதே" என்றாள் அன்னமுத்து.

மத்தியானம்வரை வேலை நடந்தது. முருகைக்கல் கூர். எல்லோருடைய கையும் கிழிந்தது. கலைத்த இடத்தில் பூரானும் பாம்புச் சட்டையும் வந்தன. மதிலின் நேர்கோடு அந்த இடத்தில் மட்டும் உடைந்து, வெளிப்பக்கமாய் ஒரு வளைவு வளைந்து, சின்னக் குழியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து சேர்ந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் பிள்ளைத்தாய்ச்சியின் வயிறுபோலத் தெரிந்தது. அதை மூப்பர் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டார்.

சுவாமி தீர்த்தம் தெளித்தார். சில்வெஸ்ரர் திரி கொளுத்தினான், காற்று அணைத்தது, திரும்பக் கொளுத்தினான். திரேசம்மா மடியிலிருந்து தொப்பியை எடுத்தாள். நேற்றைய தொப்பி, அதை அவள் உருவவில்லை. குழியின் தலைமாட்டில் ஈரமண்ணை விரலால் கீறி, அதை உள்ளே வைத்து மூடினாள். கை நடுங்கியது. இனி ஊசி அந்தக் கையில் எவ்வளவு காலம் இருக்க வேண்டுமென்று அன்னமுத்துவுக்குத் தெரியும். தனக்குப் பதினாறு வருசம், இன்னும் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

கல் சுமந்தவர்களுக்குத் தாகம். மூப்பர் வீட்டில் நெருப்பு வாங்கி, மூன்று கல் கூட்டி, காசை எடுத்துவிட்டு அதே சட்டியை ஏற்றி அன்னமுத்து கொதிக்கவைத்தாள். இந்தமுறை வற்ற வற்றக் கொதித்தது, அடி தெரியவில்லை. பேணி கைமாறிக் கைமாறிப் போனது. சுவாமி குடித்தார், மதலேனாள் குடித்தாள். மகளிடம் அன்னமுத்து கொண்டுபோகவில்லை. இனி வற்புறுத்தக் கூடாதென்று நினைத்துக்கொண்டாள்.

சில்வெஸ்ரர் பேணியை வாங்கினான். தான் குடிக்கவில்லை. மாமியாரைப் பார்த்தான்.

"மாமி, நாலாந் திகதிக்கு நான் தண்ணிக்குப் போகோணும். வீட்டிலை குடம் ஒண்டு குறையுது. வாங்கி வைக்கிறியளோ?"

அன்னமுத்து தலையை ஆட்டினாள்.

அப்போது திரேசம்மா கையை நீட்டினாள். பேணியைப் புருசனிடமிருந்து வாங்கினாள். நெடுநேரம் முகத்தருகே வைத்திருந்தாள். மணம் பட்டது. முகம் சுருங்கியது, ஆனால் திரும்பவில்லை. ஒரு மிடறு குடித்தாள். கண்ணிலிருந்து வடிந்தது பேணிக்குள் விழுந்தது. இன்னொரு மிடறு குடித்தாள்.

"கைக்குது அம்மா" என்றாள். "பனங்கட்டி கொண்டந்தனீங்களோ?"

அன்னமுத்து சீலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். மூன்று மாதமாக ஒவ்வொரு விடியலும் பேணியோடு வைத்து, தொடாமல் திரும்பி வந்த அந்தத் துண்டு அங்கே இருந்தது.